சுருட்டை எழுதிய குறிப்புகள்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். என் கண்ணால் பார்த்தது இது. அதுவும் பட்டப்பகலில்.

நான் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். நோயாளியின் கையில் கட்டும் பட்டையை அச்சடிக்க ஷெல் ஸ்கிரிப்ட் என்ற ஒரு சின்னக் கம்ப்யூட்டர் நிரல் உண்டு. பெயர், முகவரி, உடம்புக்கு ஆகாத மருந்து என்ற மூன்று விவரங்களையும் பதிவிலிருந்து பிரித்தெடுக்கும். எழுதியவள் சுருட்டை. முடி அப்படி, அதனால் அந்தப் பெயர். ஒவ்வொரு வரிக்கும் மேலே # போட்டு, அது எதற்கு என்று குறிப்பு எழுதிவைப்பாள். காய்ச்சலில் செத்து இரண்டு மாதம் ஆகியும் மேனேஜர் வாயில் அவள் பேச்சுதான். "சுருட்டை எழுதினா பச்சப்புள்ளைக்கும் புரியும். நீயும் இருக்கியே!" வயிறு எரியாதா எனக்கு?

ஞாயிற்றுக்கிழமை, மதியம் 2:10. அறையில் நான் மட்டும். அவள் குறிப்புகளை எல்லாம் அழித்தேன். தகவல்களைப் பிரிக்க அவள் வைத்திருந்த | என்ற கோட்டை எடுத்துவிட்டு, பதிவு, ஸ்கிரிப்ட் இரண்டிலும் கமா போட்டேன். மேலே என் பெயர். அப்பாடா!

2:17. டக்... டக்... பக்கத்து மேசைக் கீபோர்டு. அவளுடையது. அங்கே ஆளில்லை.

என் திரையில் புதிதாக ஒரு குறிப்பு.

# கமா வேண்டாம் அக்கா. முகவரிக்குள்ளயும் கமா வரும். ஆகாத மருந்து இடம் மாறிடும்.

அழித்தேன். செத்தும் எனக்குப் பாடம் எடுக்கிறாளா?

டக்... டக்...

# 2:40-க்குள்ள மாத்துங்க அக்கா.

அழித்தேன்.

டக்.

# அக்கா...

பயந்துபோய், பதிவு, ஸ்கிரிப்ட் இரண்டின் பழைய பிரதியையும் அப்படியே திருப்பிப் போட்டேன். 2:38. சத்தம் நின்றது.

2:40-க்கு ஆம்புலன்ஸ் வந்தது. போய்ப் பார்த்தேன். பைக் விபத்து. நினைவில்லாமல் கிடந்தது என் வீட்டுக்காரர்! பர்ஸில் இருந்த ஆஸ்பத்திரி அட்டையை வைத்துப் பட்டை அச்சடித்துக் கட்டினார்கள். நர்ஸ் ஊசியை எடுத்தாள். பட்டையைப் பார்த்தாள். ஊசியைக் கீழே வைத்தாள்.

"நல்ல வேளைக்கா! இதைப் போட்டிருந்தா ஆளு போயிருப்பார்."

பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் அவருடைய பதிவைத் திறந்து பார்த்தேன். ஆகாத மருந்தைச் சேர்த்த தேதி, சுருட்டை செத்து மூன்று வாரம் கழித்து. சேர்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

அவள் என் வீட்டுக்காரரை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. இப்போதும் எனக்குப் பயத்தைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம். பதினாறு வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறேன். அந்த மருந்து அவருக்கு ஆகாது என்று எனக்கே தெரியாது.