மஞ்சள் கோட்டுக்கு உள்ளே

வீட்டில் அவளுக்கு 'மூட்டை' என்று பெயர். எங்கே கடை போட்டாலும் பத்தாம் நாள் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறாளே என்று அம்மா வைத்தது. அவளுக்கு அதில் கோபமில்லை.

"எப்பவும் திறந்திருக்கிற கடைன்னா நாளைக்குப் போய்க்கலாம்னு தோணும். பத்தே நாள்னா இன்னைக்கே ஓடி வருவாங்கம்மா" என்பாள்.

இந்தப் பத்து நாள் கடைகளுக்கு முன் பதினோரு வருடம் ஒரு துணிக்கடையில் கால் கடுக்க நின்று வேலை பார்த்தவள். "இதுல பாக்கெட் இல்லையா?" என்று கேட்ட பெண்களை ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணிவந்தாள். ஒரே மாதத்தில் நூற்று நாற்பத்திரண்டு கோடு. முதலாளியிடம் நீட்டினாள்.

"பாக்கெட்டுக்காக யாரும் கடை மாத்த மாட்டாங்க. போய்த் துணியை மடிச்சு வை" என்றார்.

தையல்காரரான அண்ணனிடம் அதே நோட்டைக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கோடுகளைத் தானும் ஒருமுறை எண்ணினார். கணக்கு சரியாக வந்தது. மறுநாள் மாதிரிக்கு ஒரு பேன்ட் தைத்தார், பக்கத்துக்கு இரண்டு பாக்கெட் வைத்து. பூட்டிக் கிடந்த வங்கிக் கிளையில் பத்து நாள், மருத்துவமனை வாசலில் பத்து நாள் என்று, வேலையை விட்டபின் அவள் ஐந்து கடை போட்டு எடுத்துவிட்டாள்.

ஆறாவது, பெரிய வணிக வளாகத்தின் இரண்டாம் மாடி நடைபாதை. ஒரு பக்கம் தூண். மறுபக்கம் தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு அப்பால், தீப்பிடித்தால் ஜனங்கள் ஓடும் வழி. அதில் ஓர் ஊசி முனை நீட்டிக்கொண்டிருந்தாலும் பாதுகாப்பு அதிகாரி கையெழுத்துப் போடமாட்டார். ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு அந்த வருடம் முழுக்க இடம் கிடையாது. பத்து மணிக்கு அவர் வருவார். தைத்து மடித்த முந்நூறு உடுப்புகள் காத்திருந்தன.

ஒன்பதேகாலுக்குத் துணி மாட்டும் சட்டம், உடுத்திப் பார்க்கும் கூண்டு, கவுன்டர் மூன்றையும் வரிசையாக நிறுத்தித் திருகுகளை முடுக்கினாள். கவுன்டரின் விளிம்பு மஞ்சள் கோட்டில் ஏறி நின்றது. ஓர் அங்குலம்.

"தூண் பக்கம் தள்ளு" என்றார் அண்ணன்.

"ஒட்டித்தான் நிக்குது."

"இடத்தை எந்த டேப்புல அளந்தே?"

"உங்க டேப்புலதான். என்னோடது தச்சர்கிட்ட இருந்துச்சு."

அண்ணன் தன் டேப்பின் நுனியை எடுத்துப் பார்த்தார். அவருடைய டேப்பில் முதல் அங்குலம் கிழிந்துபோய் ஆறு வருடம் ஆகிறது. ஒன்றிலிருந்துதான் தொடங்கும். அளந்துவிட்டு ஒன்று கழிக்கவேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"ஒண்ணு கழிச்சியா?"

"கழிச்சேனே!"

"அது அறுபது அங்குல டேப்பு. ரெண்டு தடவை வச்சிருப்பே. ரெண்டு தடவையும் கழிச்சியா?"

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒருமுறைதான் கழித்திருந்தாள்; இடத்தின் கணக்கில் ஓர் அங்குலம் கூடிப்போயிருந்தது. அவள் கொடுத்த கணக்குக்குத் தச்சர் நூல் பிசகாமல் செய்து கொடுத்துவிட்டார். வளாகத்துக்குள் ரம்பம் எடுக்க அனுமதி இல்லை.

எதிரே வாசனைத் திரவியம் விற்பவர் எட்டிப்பார்த்தார். "ஏம்மா, கோட்டு மேல ஒரு கார்ப்பெட்டை விரிச்சுடு. கண்ணுக்குத் தெரியாத கோட்டை எந்த ஆபீசர் அளப்பாரு?"

"அளக்கிறதுக்குத்தான் சார் அவருக்குச் சம்பளம்" என்றாள். ஆனாலும் அவள் கண் ஒரு நொடி அவர் கடைக் கார்ப்பெட்டின் மேல் போய் வந்தது. மணி ஒன்பது முப்பத்தைந்து.

சட்டத்தை எடுத்தால் துணியை எதில் மாட்டுவது? கூண்டை எடுத்தால் வியாபாரமே இல்லை. உடுத்திப் பார்க்காமல் பேன்ட் வாங்கிய பெண்ணை அந்தப் பதினோரு வருடத்தில் அவள் பார்த்ததில்லை.

"கவுன்டரைக் கழட்டுங்கண்ணா."

"பில்லை எங்க வச்சுப் போடுவே, தலையிலயா?"

"பாக்கெட்ல." அவள் அணிந்திருந்ததும் அண்ணன் தைத்ததுதான். பில் புத்தகம், கார்டு மெஷின், பேனா, கத்தரிக்கோல் என்று ஒவ்வொன்றாகத் திணித்துக்கொண்டாள்.

கவுன்டர் போனதும் கூண்டு ஆட்டம் கண்டது. அதன் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்ததே கவுன்டர்தான். இருவரும் கூண்டின் அடிப்பலகையைத் தூக்கி, கீழே பாரத்துக்கு இருப்புத் துணி மூட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். எட்டு மூட்டை. கடைசித் திருகை அண்ணன் முடுக்கும்போது அதிகாரியின் செருப்புச் சத்தம் கேட்டது.

அவர் குனிந்து அளந்தார். எழுந்து கூண்டை ஒரு கையால் உலுக்கினார். அசையவில்லை. இரு கையாலும் உலுக்கினார். அப்போதும் அசையவில்லை.

"அனுமதிக்கு நீங்க குடுத்த கடைப் படத்துல கவுன்டர் இருக்கே, எங்க?"

"நான்தான் சார்." பாக்கெட்டிலிருந்து மெஷினையும் பில் புத்தகத்தையும் எடுத்துக் காட்டினாள்.

"படத்துல இருக்கிறதும் கடையில இருக்கிறதும் ஒண்ணா இருக்கணும்மா."

"அதை அடிச்சுட்டு நான் கையெழுத்துப் போடறேன் சார். இடம் கூடல, குறையத்தான் செஞ்சிருக்கு."

அவர் படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். எதிர்க் கடைக்காரர் சாம்பிள் பாட்டிலைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். "அடிங்க" என்றார் அதிகாரி. அவள் கோணாமல் ஒரே கோடாக அடித்து, கீழே தேதியும் போட்டுக் கையெழுத்திட்டாள். அவரும் போட்டார்.

வளாகத்தின் கதவுகள் திறந்தன. போனில் அவள் அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டு வந்த பெண்கள் நகரும் படிக்கட்டிலிருந்து இறங்கி நேராக அவளிடம் வந்தார்கள். ஐந்து பேர், பத்துப் பேர். வரிசை வளைந்து மஞ்சள் கோட்டைத் தொட்டது. போய்க்கொண்டிருந்த அதிகாரி திரும்பிப் பார்த்தார்.

"அண்ணா, வரிசையைத் தூண் பக்கம் திருப்புங்க, சீக்கிரம்!" என்று கத்தினாள். "அக்கா, கோட்டுக்கு உள்ள வாங்க. எல்லாருக்கும் இருக்கு, உள்ள வாங்க!"