பட்டாவில் இல்லாத ஆகாயம்

ஒரு கண்ணை ஆகாயத்தில் வைத்து, இன்னொரு கண்ணைச் சுற்றியுள்ள வேலிகளில் வைத்து, எந்தப் பக்கமிருந்து யார் கத்திக்கொண்டு ஓடி வருகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதற்குப் பெயர்தான் ட்ரோன் ஓட்டுவது. லைசென்ஸ் வாங்கி இதில் மாட்டிக்கொண்ட சக பைலட்டுகளே, கல்யாண வீட்டு வீடியோக்காரர்களே, தலைக்கு மேல் ‘ஙொய்’ என்று சத்தம் கேட்டாலே கொடியில் காயும் துணியை உருவ ஓடுகிற அக்கா தங்கைகளே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

எனக்குக் குன்னூர். தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே பறந்து, எங்கே செடி காய்கிறது, எங்கே மண் சரிகிறது என்று படம் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. கூடவே வருவது பாபு அண்ணன். ஜீப் ஓட்டுவார், நான் திரையைப் பார்க்கும்போது அவர் ட்ரோனைப் பார்த்துக்கொண்டிருப்பார். பனி எந்த நிமிஷம் இறங்கும், காற்று எந்த நிமிஷம் திரும்பும் என்று தெரியாத மலை இது. வாங்கின டீயைச் சூடாக நான் குடித்ததே கிடையாது.

மழைக்குச் சொந்தக்காரர்

கோத்தகிரிப் பக்கம் ஒருவருடைய தோட்டத்தை அளக்கப் போயிருந்தோம். ட்ரோன் எல்லையில் திரும்பும்போது பக்கத்துத் தோட்டத்தின் ஓரத்தைக் கொஞ்சம் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். அது தொட்டதும், செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியோடு ஒரு பெரியவர் சரிவில் இறங்கி வந்தார். கத்தியைப் பார்த்ததும் பாபு அண்ணன் ஜீப்பை ஸ்டார்ட் பண்ணிவிட்டார்.

“எம்பட தோட்டத்துக்குப் பட்டா இருக்குதுங்க அம்மணி. மேல போறதும் எம்பட எடந்தான்” என்றார் பெரியவர். தரையில் கேட்காமல் இறக்கினால் தப்பு, வீட்டைப் படம் பிடித்தால் தப்பு, ஆனால் மேலே இருக்கிற ஆகாயம் யார் பட்டாவிலும் வராது, அதற்கு விதி போடுவது அரசாங்கம் என்று, பாதிக் கண்ணை ட்ரோன் மேலேயே வைத்துக்கொண்டு திக்கித் திணறிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கத்தியை இடுப்பில் செருகினார். அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க, அப்ப எங்கூட்டு மேல பேயற மழை ஆருதுங்க?”

பலா மரத்தில் விருந்தாளி

மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறி வந்துகொண்டிருந்தோம். பர்லியாரில் ஒரு புதுத் தம்பதி ரோட்டோரம் நின்று, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பலா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய குட்டி ட்ரோன் உச்சாணிக் கொம்பில் தலைகீழாகத் தொங்கியது. மாப்பிள்ளை வேலியில் காலைத் தூக்கி வைத்துவிட்டார். எனக்கு என்ன வந்தது? இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஜீப்பிலிருந்து குதித்து ஓடி, “சார், அடுத்தவங்க எடம். கேட்டுட்டுப் போங்க” என்று அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

தோட்டக்கார அம்மா நாயோடு வந்தார். மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, உள்ளே வரலாமா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். அந்த அம்மா மரத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “அது உள்ள வர்றப்ப ஒரு வார்த்தை கேக்குல. நீங்க வர்றதுக்கு மட்டும் கேக்கறீங்களாக்கும்?”

லயத்துக்கு மேலே

சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட். வேலை செய்கிறவர்கள் குடியிருப்பது லயம் என்கிற வரிசை வீடுகளில். பழைய செடிகளைக் கணக்கெடுக்க மேனேஜர் கூப்பிட்டிருந்தார். காலையில் முதல் சுற்று முடிந்து ட்ரோன் தரையில் இறங்கியதுதான் தாமதம், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்து அதை அள்ளி, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெயர் பரமேஸ்வரி. அவருடைய பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அந்தப் பேச்சு அவரிடமும் இருந்தது. அவரைச் சுற்றி இருபது பெண்கள் நின்றார்கள். சூப்பர்வைசர் அதட்டினார். யாரும் நகரவில்லை.

“நாலு நாளா எங்க லயத்துக்குப் பின்னால வந்து நிக்குது. அங்கன கூரை இல்லாம, சாக்கு மறைச்சு நாங்க குளிக்கிற எடம். எம்மருமக நேத்திலருந்து குளிக்கப் போகவே இல்ல” என்றார் பரமேஸ்வரி. நான் வந்ததே அன்று காலையில்தான். சொன்னேன். நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். திரையை நீட்டி, எடுத்த படத்தை முதலிலிருந்து ஓட்டினேன். இருபது தலைகள் குனிந்தன. தேயிலைச் செடியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஓரத்தில் எங்கேயாவது ஒரு வாளி, ஒரு துணி தெரிந்துவிடுமோ என்று திரையின் ஓரத்தையே துழாவிக்கொண்டிருந்தேன். படம் பாதிகூட ஓடவில்லை. அதற்குள் மேலே அதே ‘ஙொய்’.

எல்லாரும் அண்ணாந்தோம். என்னுடையது சாக்குக்குள் இருக்கிறது. மேலே வெள்ளையாகச் சின்னதாக இன்னொன்று, நேராக லயத்தின் பின்பக்கம் போய் நின்றது. பாபு அண்ணன் கண்ணைச் சுருக்கி அதையே பார்த்தார். அது திரும்பி மேட்டு பங்களாப் பக்கம் இறங்கியது. விருந்தினருக்கு வாடகைக்கு விடுகிற பங்களா அது. “ஏறுங்க எல்லாரும்” என்றார் அண்ணன். ஜீப்பில் எத்தனை பேர் ஏறினோம் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

பங்களா வாசலில் முப்பது வயசு மதிக்கத்தக்க ஒரு ஆள், கையில் ரிமோட். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும், “இருநூத்தம்பது கிராமுக்கும் கம்மி. லைசென்ஸே தேவையில்லை” என்றான். அவன் சொன்னது சரி. பரமேஸ்வரி படத்தைக் காட்டச் சொன்னார். அவன் போனைப் பின்னால் மறைத்தான், விரல் வேகமாக எதையோ தேடியது. “அழிக்காதீங்க!” என்று நான் கத்தினேன். “லைசென்ஸ் வேண்டாம், சரி. குளிக்கிற பொண்ணுங்களைப் படம் புடிச்சா அது வேற கேஸு. அதுக்கு கிராம் கணக்கு இல்ல.” இரண்டு பெண்கள் அவன் கையைப் பிடித்துப் போனை வாங்கிவிட்டார்கள். வாங்கிய கையோடு அதை உடைக்கக் கல்லைத் தேடினார்கள். உடைத்தால் சாட்சி போய்விடும் என்று நான் கெஞ்ச வேண்டியதாயிற்று. பரமேஸ்வரி ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார். பிறகு போனை வாங்கித் தன் மடியில் கட்டிக்கொண்டு, போலீஸ் வரும்வரை படியில் உட்கார்ந்திருந்தார். வந்த பெண் போலீஸ் ஒருவரிடம் மட்டும்தான் அவிழ்த்துக் கொடுத்தார்.

அவன் மேல் கேஸ் பதிவானது. லயத்துக் குளிக்கும் இடத்துக்குக் கூரைத் தகடு போடாமல் அடுத்த சுற்றுப் பறக்க மாட்டேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். வேறு ஆளைப் பார்ப்பாரோ என்ற பயம் உள்ளுக்குள் இருந்தது. முகம் சுளித்தார், ஆனாலும் போட்டுக் கொடுத்தார். மறுபடி போன அன்று பரமேஸ்வரியின் மருமகள் ஈரத் தலையோடு வெளியே வந்து எனக்குத் தேநீர் கொடுத்தாள். பரமேஸ்வரி மட்டும் இன்னும் சிரிக்கவில்லை. “இனிமே பறக்க வுடுறதுக்கு முந்தி லயத்துக்கு வந்து ஒரு சத்தம் குடுங்க புள்ள. வானத்துக்கு நாங்க கதவா போட முடியும்?”

அம்மாவின் கூரை

எங்கள் அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதன் பக்கத்திலேயே வீடு கட்டிவிட்டார். போன மழையில் கூரை ஒழுகியது. வாளியை வைத்துவிட்டு அம்மா என்னைக் கூப்பிட்டாள்: “உன் பொட்டியப் பறக்க வுட்டு, எந்த ஓடு ஒடஞ்சிருக்குன்னு பாரு.” ட்ரோன் வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். தொழிற்சாலை பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் தெரு முழுக்க ரத்தச் சிவப்பு. சிவப்பில் பறக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும். அம்மாவின் ஓட்டுக்காக அதை யார் தருவார்கள்?

மழை வலுத்தது. அம்மா ஏணியை இழுத்து வந்தாள். நான் ஏறினேன், அவள் கீழே பிடித்துக்கொண்டாள். ஓடு வழுக்கியது. தலை முழுக்க நனைந்து, உடைந்த ஓட்டைக் கண்டுபிடித்துக் கத்தினேன். கீழேயிருந்து அம்மா சொன்னாள்: “ஊராங்கூட்டுக் கூரையெல்லாம் கீழ நின்னே பாக்கறவ, பொறந்த ஊட்டுக்கு வந்தா ஏணி ஏறுற. நல்ல உத்தியோகம்டி ஒன்னுது!”

பேட்டரி குறைந்தால் ட்ரோன் கிளம்பின இடத்துக்குத் தானாகவே திரும்பி வந்து அமர்ந்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகும் லயத்துக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிற இந்த மனசுக்கும் அப்படி ஒரு பட்டனை வைத்திருந்தால் இந்தத் தொழிலைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இருந்திருக்காது.