பிலோமினா அக்காவுக்குக் கொடுக்காத சாவி

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. சிவப்பு விளக்கில் நிற்கும்போது காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வாயாலேயே 'ப்ஷ்ஷ்' என்று டர்போ சத்தம் எழுப்பும் பழக்கம் எனக்கு உண்டு. என் காடி அதை நேரத்துக்குத் தராததால் நானே தந்துகொண்டிருந்தேன். போன திங்கட்கிழமை காலை குருண் நாற்சந்தியில் உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தபோதுதான் கைப்பேசி மின்னியது. "அக்கா போயிட்டாங்க" என்று பிலோமினா அக்காவின் தங்கை ரெஜினா எழுதியிருந்தார். பக்கத்து மோட்டார்சைக்கிள்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். குவித்த உதட்டை எப்படி விரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காடிக் குழுவின் வாட்ஸ்அப்பில் உடனே வரிசையாகக் கூப்பிய கைகள். நடுவில் ஒரு புண்ணியவான், "ஸ்பீடா போனாங்களா?" என்று கேட்டிருந்தான். இன்னொருவன், "அந்த வயசுல அந்தக் காடி தேவையா லா?" என்றான். எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது, இதழாசிரியர் வெட்டிவிடுவார். அக்கா இறந்தது அலோர் ஸ்டார் மருத்துவமனைக் கட்டிலில், இதயக் கோளாறால். அந்தக் கட்டிலின் சக்கரங்களுக்குக்கூடப் பூட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு பெண் மஞ்சள் நிறத்தில் இரண்டு கதவு காடி ஒன்று வைத்திருந்தால், அவள் மற்றவர்களைப் போல நோயில் சாகக்கூட உரிமை கிடையாதா?

அவரை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியும் என்ன, அவருடைய வேனில் வாய் பிளந்து தூங்கியவர்கள் நீங்கள். வாரத்தில் ஆறு நாள் தோட்டத்துப் பெண்களைக் குருண் தொழிற்சாலைகளுக்கு ஏற்றிச் செல்வார். ஞாயிறு பூசை முடிந்ததும் முக்காட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அந்த மஞ்சள் காடியில் ஜெராய் மலை ஏறுவார். "ஆறு நாள் மத்தவங்களுக்கு ஓட்டுறேன். ஏழாவது நாள் ஆண்டவரே ஓய்வெடுத்தாரு, நான் மலைக்குப் போறேன்" என்பார்.

எங்களுக்குள் இரண்டு வருடமாக ஒரே சண்டைதான். நான் வாங்கிய சிவப்புக் குட்டிக் காடியில் டர்போ உண்டு. அதாவது, என்ஜின் விடும் புகை ஒரு சின்ன விசிறியைச் சுற்றும், விசிறி என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும், காடி பறக்கும். விற்றவன் அப்படித்தான் சொன்னான். விசிறி வேகம் பிடிக்க நேரமாகும், அந்தத் தாமதத்துக்கு 'லேக்' என்று பெயர் என்பதைச் சொல்லவில்லை. கேட்டதற்கு, "இப்ப வர்ற மாடல்ல லேக்கே இல்ல சார்" என்றான். பெடலை அழுத்தினால் என் காடி 'யாரது?' என்று கேட்கும். 'நான்தான்' என்று மேலும் அழுத்தினால் யோசிக்கும். இந்தக் காலத்துப் பெடலில் கம்பிகூடக் கிடையாதாம். நாம் அழுத்துவது கணினிக்குப் போடும் ஒரு மனுவாம். மனு போட்டுக் காத்திருக்க அரசாங்க அலுவலகம் போதாதா? இதற்கு 'ஸ்போர்ட்' என்று ஒரு பொத்தான் வேறு!

மலை உச்சியில் நான் போய்ச் சேரும்போது அக்கா பீசாங் கோரேங் வாழைப்பழப் பொரியலில் பாதியைத் தின்று முடித்திருப்பார்.

"வந்துட்டியா தம்பி? மூணாவது வளைவுலேயே குடும்பம் நடத்த ஆரம்பிச்சிட்டியோன்னு நெனச்சேன்."

"டர்போ லேக், அக்கா."

"எனக்கும் டர்போதான். அது தூங்கல. நீதான் லேட்டா எழுப்புறே."

அவர் வளைவு முடிவதற்குள்ளேயே காலை மெல்லப் பதிப்பார். சாலை நேராகும்போது விசிறி ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும். இதை அவர் மலையில் கற்கவில்லை, டீசல் வேனில் கற்றார். பதினான்கு பெண்களோடு தோட்டத்து மேட்டில் ஏறும்போது, மேட்டுக்கு முன்பே அழுத்திவிடுவார். "பின்சீட்டுல தூங்குறவ முழிச்சிக்கிட்டா, அது என் காலோட தப்பு" என்று சொல்வார். காடியின் வேகத்தைப் பற்றி இதைவிட நாகரிகமாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நானும் முன்கூட்டியே அழுத்திப் பார்த்தேன். சிவப்புக் காடி அசரவில்லை. அதைச் சொன்னபோதுதான் அவர் கையை நீட்டினார். "அப்ப சாவியக் குடு. ஒரு தடவ மேல போயிட்டு வந்து சொல்றேன். காடி மேல கோவப்படுறவன் மொதல்ல அத அடுத்தவங்கிட்ட ஓட்டக் குடுக்கணும்."

நான் கொடுக்கவில்லை. இன்சூரன்ஸ் என் பெயரில் மட்டும் இருக்கிறது என்றேன். இன்னொரு ஞாயிறு, சீட்டை என் முதுகுக்கு ஏற்றபடி வைத்திருக்கிறேன் என்றேன். உண்மைக் காரணம் இது: அடிவாரத்துத் தேநீர்க் கடை முன்னால் ஊரே உட்கார்ந்திருக்க, என் காடியிலேயே அவர் என்னைவிட வேகமாகப் போய்விட்டால்?

போதாக்குறைக்கு, இந்த இதழிலேயே ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதினேன். வேன் ஓட்டும் ஓர் அக்காவுக்கு நவீன டர்போ பற்றி என்ன தெரியும் என்று பெயர் சொல்லாமல் கிண்டல். அவர் அதை வேனில் பெண்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். பிறகு என்னிடம் சொன்னார்: "நல்லாத்தான் சிரிச்சாளுங்க. ஆனா காடி எப்படின்னு நீ எழுதல, உன் கோவம் எப்படின்னுதான் எழுதியிருக்கே. சாவியக் குடு." நான் சாவி இருந்த பையைக் கையால் மூடிக்கொண்டேன்.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது மூக்கில் குழாயோடு கேட்டார்: "செவப்பு எப்படி இருக்கு?"

"அப்படியேதான் அக்கா. மனு போட்டுட்டு நிக்கிறேன்."

"நான் வெளிய வந்ததும் குடுப்பியா?"

"சத்தியமா குடுக்கிறேன் அக்கா."

"இதுவும் லேட்டுதான்" என்றார். சிரிக்க முயன்று இருமினார்.

நல்லடக்கப் பூசையில் சாமியார் அவரை "அமைதியே உருவானவர்" என்று சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. யாரைச் சொல்கிறார்? முந்திச் செல்ல வழி விடாத லாரிக்காரனைப் பெட்ரோல் நிலையம் வரை துரத்திப்போய்ப் பிடித்து, அவன் தாயாரின் வளர்ப்பு பற்றி மலாயிலும் தமிழிலும் விளக்கிய அக்காவையா? பின்வரிசையில் வேன் பெண்கள் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டிருந்தார்கள். அழுகை மட்டுமல்ல என்பது தோள்களைப் பார்த்தாலே தெரிந்தது. இறந்தவருக்கு நல்லவர் பட்டம் கட்டுகிறோம் என்று ஆளையே மாற்றிப் புதைக்கிறார்களே! அக்கா பொறுமைசாலி அல்ல. அவருடைய கால் மட்டும்தான் பொறுமைசாலி.

கோயிலை விட்டு வெளியே வந்ததும் ரெஜினாவிடம் சாவியை நீட்டினேன். அக்காவின் வேனை இப்போது ஓட்டுவது அவர்தான். "கல்லறை வரைக்கும் நீங்க ஓட்டுங்க. அக்காவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றேன். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது பெரிதாக ஒன்றுமில்லை. மேட்டுக்கு முன்பே காலைப் பதிக்க வேண்டும் என்பது. பின்னால் தூங்குகிறவர் விழிக்கக்கூடாது என்பது. கேட்கும்போதே கொடுத்துவிட வேண்டும் என்பது. மூன்றாவதைக் கற்கத்தான் எனக்கு ஒரு சவ ஊர்வலம் தேவைப்பட்டது.

ரெஜினா கோயில் வளாகத்தைத் தாண்டுவதற்குள் காடியை ஓரம்கட்டினார். "அண்ணே, பெடல் பாதிக்கு மேல எறங்க மாட்டேங்குதே" என்றார். குனிந்து, கனமான ரப்பர் விரிப்பைத் தூக்கி, பெடலுக்குப் பின்னால் கையை விட்டார். காய்ந்து கருத்து, கல்லாகிப்போன ஓர் எலுமிச்சம்பழம் வெளியே வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், காடிப் பூசையன்று நான்கு பழம் சக்கரங்களுக்கு அடியில் நசுங்கின. ஐந்தாவதை என் மனைவி ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தாள். மறுநாள் அதைக் காணோமே என்று அவள் தேடியபோது, எலி தூக்கிப் போயிருக்கும், காடிக்குள் பார்க்க வேண்டியதில்லை என்று சொன்னது நான்தான்.