ஞானமுத்து அண்ணாச்சி வீட்டு மீன் பேன்

கம்பவுண்டர் வேலையில் டாக்டருக்குக் கிடைக்கிற மரியாதை கிடைக்காது. டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிற சீக்கெல்லாம் மட்டும் நம்மைத் தேடி வந்துவிடும். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு அது தெரியும். கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்து அவதிப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களும் என் கட்சிதான்.

யாருக்குச் சீக்கு?

பாளையங்கோட்டையில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நான் மருந்து கலக்கிக்கொண்டிருந்த காலம். பஞ்சு வியாபாரி ஞானமுத்து அண்ணாச்சி வீட்டிலிருந்து வில்வண்டி வந்தது. டாக்டர் வேண்டாம், கம்பவுண்டர் மட்டும் உடனே வந்தால் போதும் என்றான் வண்டிக்காரன். ஊரில் வாந்திபேதி நடமாடிய சமயம். பதறிப்போய் மருந்துப் பெட்டியோடு ஏறினேன்.

போய்ப் பார்த்தால் அண்ணாச்சி வாசலில் கல்லுமாதிரி நிற்கிறார். அவர் சம்சாரம் அன்னம்மா மதினியும் தெம்பாகத்தான் இருந்தார். "யாருக்கு மதினி வயிறு சரியில்ல?" என்றேன். முன்னறைக்குக் கூட்டிப்போனார். மேசைமேல் பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே தங்க மீன்கள். கொழும்பில் ஒரு துரையின் கம்பெனியில் வேலை பார்த்த அவர்களுடைய ஒரே மகன் தேவசகாயம் தூத்துக்குடிக்குக் கப்பலில் அனுப்பி, அங்கிருந்து ரயிலில் வந்து சேர்ந்தவை. ஒவ்வொன்றும் கூழாங்கல்லில் உடம்பைத் தேய்ப்பதும் துள்ளுவதுமாக இருந்தது. மதினி என் பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

"மனுசருக்கெல்லாம் நல்ல சொகம், தம்பி. இதுகளைத்தான் பாக்கணும்."

குடும்ப கௌரவம்

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மீனின் செதிலோடு செதிலாக, தட்டையாக, கண்ணாடிச் சில்லு போல ஒன்று ஒட்டியிருந்தது. ஊசியால் தொட்டதும் நகர்ந்தது. ஒன்றல்ல, வாலடியிலும் செவுளோரத்திலும் நிறைய. மீனின் ரத்தத்தைக் குடித்து வாழ்கிற பேன் அது. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவின் புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன்.

எப்படி வந்தது என்று விசாரித்தேன். பஞ்சு பார்க்க முக்கூடல் போனபோது, மீன்கள் தனியாக ஏங்குகின்றன என்று நினைத்து, ஆற்றிலிருந்து பாசியும் கெண்டைக் குஞ்சுகளும் அள்ளிக்கொண்டு வந்து தொட்டியில் விட்டாராம் அண்ணாச்சி. துணைக்கு வந்தவைதான் இந்தச் சரக்கையும் கொண்டுவந்திருக்கின்றன. "மீனுக்குப் பேன் பிடிச்சிருக்கு அண்ணாச்சி" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. தெருப்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"பைய பேசும், வே. எங்க வம்சத்துலயே யாருக்கும் பேன் கிடையாது."

ஊதாத் தண்ணீர்

பேதிக்காகக் கிணறுகளில் போடுவார்களே, அந்த ஊதா மருந்தைத் துளி கரைத்து, வெளிர் ரோஜா நிறத் தண்ணீரில் மீன்களைக் கொஞ்ச நேரம் நீந்தவிட்டேன். பாசியைக் கொளுத்தினோம். கல்லை வேகவைத்தோம். தொட்டியை வெயிலில் காயப்போட்டோம். தொட்டி கழுவக் கெட்டியாகக் கரைத்ததில் மீந்த தண்ணீரை வேலைக்காரி வாசலில் கொட்டினாள்.

அங்கேதான் வினை பிடித்தது. ஊதாத் தண்ணீர் தெருவில் ஓடியதைப் பார்த்தவர்கள், வாசலில் கம்பவுண்டர் வந்த வண்டியையும் பார்த்து, அண்ணாச்சி வீட்டில் பேதி என்று முடிவு கட்டிவிட்டார்கள். பால்காரி அடுத்த நாள் வரவில்லை. எதிர்வீட்டார் ஜன்னலைச் சாத்தினார்கள். வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டே ஜெபம் பண்ணுகிற உபதேசியார், அன்று வேதபுத்தகத்தோடு தெருவோரத்திலேயே நின்றுவிட்டார். அண்ணாச்சி எவ்வளவோ கூப்பிட்டும் படியேறவில்லை.

"ஆண்டவர் எங்கயும் இருக்காரு, அண்ணாச்சி. நான் இங்கன நின்னே ஜெபம் பண்ணிருதேன்."

வரிசை

ஊதா மருந்துக்குத் தப்பிய பேன்களுக்கு உப்புத் தண்ணீர் கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து உப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி வீட்டு வண்டிக்காரன் அவசரப்படுத்தினான். எதிரே விறாந்தையில் மாடசாமி என்கிற வயல்வேலைக்காரர் உட்கார்ந்திருந்தார். நடவுக்கு நின்று நின்று கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். காலையிலிருந்து காத்திருக்கிறார். இது யாருக்கு மருந்து என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. காலை நீட்டி ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"முடிச்சிட்டு நம்மளையும் பாருங்கய்யா. நானும் தண்ணிக்குள்ள நிக்கிற சீவன்தான்."

பொட்டலத்தை வைத்துவிட்டு முதலில் அவருக்குக் கட்டுப் போட்டேன்.

மதினியின் கை

உப்புக்கும் அசையாதவற்றைக் கையால் எடுக்க வேண்டியிருந்தது. மதினி ஈரத்துணியை உள்ளங்கையில் விரித்து மீனைப் பிடித்துக்கொள்வார். நான் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். இருக்கிறதிலேயே பெரிய மீன் ரொம்பச் சோர்ந்திருந்தது. அதை மட்டும் மதினி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

கொழும்பில் விஷக்காய்ச்சல் என்று தூத்துக்குடிக் கப்பல்காரர்கள் சொல்லியிருந்தார்கள். மகனிடமிருந்து தகவலே இல்லை. இந்த மீன்தான் அவன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணாச்சி பக்கத்திலேயே நிற்க முடியாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார். மதினி மீனின் தலையைத் துணியால் மூடினார்.

"நல்லா இருந்துருவான்... நல்லா இருந்துரும், இல்லியா தம்பி?"

ஆஸ்பத்திரியில் சேர்த்தது

மறுநாள் காலை மறுபடியும் வண்டி. தொட்டிமேல் துண்டு மூடியிருந்தது. பெரிய மீன் செத்து மிதந்தது. அண்ணாச்சி என்னை ஓரமாக இழுத்து, இது தெரிந்தால் அன்னம்மா படுத்த படுக்கையாகிவிடுவாள் என்றார். பிறகு உள்ளே பார்த்துச் சத்தமாக, மீனை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் வைத்தியம் பார்க்கப் போகிறார்கள் என்று அறிவித்தார். நான் செத்த மீனைச் செம்பில் போட்டு மூடி, தண்ணீர் சிந்தாமல் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றிலிருந்து தினமும் மதினி நோயாளிக்கு ரொட்டித்துண்டு கொடுத்தனுப்பினார். மீனை வேப்பமரத்தடியில் புதைத்திருந்தேன். ரொட்டி காக்கைக்குப் போனது. மற்ற மீன்களைப் பார்க்க நான் போகும்போதெல்லாம் மதினி காதில் விழும்படி அண்ணாச்சி கேட்பார்.

"நம்ம ஆளு இன்னைக்கு எப்படி இருக்காரு, வே?"

தேவசகாயம் வந்தான்

மற்ற மீன்கள் தேறின. சில வாரம் கழித்து தேவசகாயமே வந்து இறங்கினான். காய்ச்சலில் கிடந்து பிழைத்திருக்கிறான், ஆள் பாதியாகியிருந்தான். அன்று என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். தொட்டியைப் பார்த்ததும் சிரித்தான். சீமைக்குத் திரும்பிப் போகிற துரை யார் தலையிலாவது கட்ட வேண்டுமென்று கொடுத்ததாம். வேண்டாம் என்று சொல்ல முடியாமல் இங்கே அனுப்பினானாம். "பெரிசு ஒண்ணு இருந்துச்சே, எங்க?" என்றான். அண்ணாச்சி இலையைப் பார்த்தார். நானும் இலையைப் பார்த்தேன். "ஆஸ்பத்திரியில இருக்கு" என்றார் மதினி, குழம்பு ஊற்றியபடியே.

புறப்படும்போது மதினி வாசல்வரை வந்தார். இனி உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அவர் கையமர்த்தினார்.

"அன்னைக்குக் காலையில ஜெபத்துக்கு எந்திரிச்சப்பவே செத்துக் கெடந்ததப் பாத்துட்டேன், தம்பி. அவுக தாங்க மாட்டாகன்னுதான் ரொட்டி குடுத்து அனுப்பினேன். நீங்களும் அவுககிட்டச் சொல்லிராதிய."

மீனுக்குப் பேன் பிடித்தால் உப்புத் தண்ணீரும் ஓர் இடுக்கியும் போதும். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் காப்பாற்றப் புறப்பட்டால்தான் நடுவில் கம்பவுண்டர் பாடு திண்டாட்டம்.