கசப்பு பார்க்கிறவள்

எங்கள் விடுதிச் சமையற்கட்டில் அவளுக்கு 'நாக்கு அக்கா' என்று பெயர். காய் வெட்டுவதுதான் வேலை. ஆனால் சுரைக்காயோ வெள்ளரியோ, எது வந்தாலும் காம்புப் பக்கம் ஒரு துண்டு சீவி மென்று பார்க்காமல் அடுத்த காயைத் தொடமாட்டாள். அடுப்பில் எண்ணெய் புகைய, கரண்டியோடு நிற்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அக்கா, நீ ருசி பார்த்தே பாதி மூட்டையைக் காலி பண்ணிடுவ போல. சீக்கிரம் வெட்டு."

"இருடி, ஆச்சு" என்பாள். அவ்வளவுதான்.

அவள் கதை தெரிந்த பிறகு என் கிண்டல் நின்றுபோனது.

வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. யாரோ சொன்னார்கள் என்று தினமும் காலையில் சுரைக்காயை மிக்ஸியில் அடித்துச் சாறு பிழிந்து கொடுத்துவந்தாள். கொல்லைக் கொடியில் காய்த்ததுதான். அந்தக் கோடையில் கொடிக்குச் சரியாகத் தண்ணீர் இல்லை. பூச்சித் தொல்லை வேறு. ஒருநாள் அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"கசக்குதுடி."

"கசந்தா சர்க்கரைக்கு நல்லதுதானே? சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்காம குடிங்க."

குடித்தார். மதியத்துக்குள் ரத்த வாந்தி. மறுநாள் ஆள் இல்லை. "தன்னைக் கடிக்க வர்ற புழுவையும் ஆட்டையும் விரட்டத்தான்மா செடி அந்தக் கசப்பு விஷத்தை வெச்சிருக்கு. வாடுனா இன்னும் கூடும். கசந்தா துப்பிடணும்" என்றாராம் டாக்டர். பாவி மனுஷி, ஆடுகூட முகர்ந்துவிட்டு ஒதுங்கிப்போகும் காயைத் தன் கையால் பிழிந்து கொடுத்திருக்கிறாள்.

அன்றிலிருந்து அவளைப் பிடித்து ஆட்டுவது ஒரே கேள்வி. அந்தச் சாறு எவ்வளவு கசந்திருக்கும்? அவள் அதை நாக்கில் வைத்தே பார்க்கவில்லை. லேசாகக் கசந்திருந்தால், யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். மிக்ஸி ஓடினால் போதும், அதற்குள்ளிருந்து "கசக்குதுடி" என்று கேட்கிறதாம். அந்தக் குரலில் பயமிருந்ததா, வெறும் சலிப்பா என்று என்னைக் கேட்பாள். எனக்கென்ன தெரியும்? மிக்ஸியை வேறு அறைக்கு மாற்றிவிட்டேன்.

வருஷக்கணக்காக ஒரு காயும் கசக்கவில்லை. போன வாரம் கசந்தது.

மென்றவள் அப்படியே நின்றாள். கண்ணில் நீர் கொட்டியது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"துப்புக்கா! துப்பித் தொலை!"

துப்பினாள். சொம்பு சொம்பாகக் கொப்பளித்தும் கசப்பு போகவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு துணுக்குடி இது. என்னால வாயில வெச்சிருக்க முடியலை" என்றாள். "நான் சொன்னேன்னு அந்த மனுஷன் டம்ளரையே காலி பண்ணிட்டாரு."