காற்றுக்குப் போட்ட கண்ணாடி

சைக்கிள் ஓடுவதற்கென்று கறுப்புக் கண்ணாடி வாங்குகிறவர்கள் வெயிலுக்காக வாங்குவார்கள், தூசிக்காக வாங்குவார்கள். நான் வாங்கியது அண்ணைக்காக. அவர் போடுவதற்கல்ல, அவருக்கு முன்னால் நான் போடுவதற்கு.

அண்ணையும் நானும் நாலு வருடமாகக் கதைப்பதில்லை. என் மகளின் கலியாணத்துக்கு நான் முறையாகச் சொல்லவில்லை என்பது அவருடைய கட்சி. எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குச் சொல்வதென்றால் புருசனும் பெண்சாதியுமாக வீட்டுக்குப் போய், அழைப்பிதழைக் கையில் கொடுத்து, வாயாலும் சொல்ல வேண்டும். நானும் மனைவியும் இரண்டு தரம் போனோம். இரண்டு தரமும் படலை பூட்டிக் கிடந்தது. உள்ளே நின்ற நாய்க்குச் சொல்லிவிட்டு வரலாமா என்று கேட்டேன். மனைவி சிரிக்கவில்லை. கடைசியில் அழைப்பிதழைத் தங்கச்சியின் கையில் கொடுத்தனுப்பினேன். அண்ணை அதை வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, கலியாணத்துக்கு வராமல் இருந்துவிட்டார். மண்டபத்தின் முன்வரிசையில் அவருக்கென்று விட்டிருந்த கதிரையில் வீடியோக்காரரின் பை இருந்தது. நியாயம் என் பக்கம் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு ஒருமுறை நோர்வேயிலிருந்து வந்த மருமகன் கூடவே ஒரு றேசிங் சைக்கிளையும் கொண்டுவந்தார். திரும்பிப் போகும்போது அதைக் கழற்றிப் பெட்டி கட்டுவது தொல்லை என்று விட்டுவிட்டுப் போனார். எனக்குச் சீனி கூடியிருக்கிறது, ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் நடந்தால் சண்டிலிப்பாயில் உள்ள நாய்களும் கூடவே நடக்கும். சைக்கிளென்றால் அவற்றை முந்திவிடலாம். ஓய்வூதியக்காரனுக்குக் காலையில் வேறு வேலையும் இல்லை. விடியப் புறப்பட்டு, காங்கேசன்துறைக்குப் போய், அங்கிருந்து கடற்கரை வீதியால் மயிலிட்டி தாண்டி, கால் போதும் என்று சொல்லும் இடம் வரைக்கும் ஓடுவேன். நல்ல நாளென்றால் பருத்தித்துறை வரைக்கும் போவதுண்டு.

அந்தக் கடற்கரை வீதியில்தான் அண்ணை எதிரே வருவார். அவர் இருப்பது தெல்லிப்பழையில். மயிலிட்டித் துறைமுகத்துக்குப் போய் மீன் வாங்கி, பையைக் கைபிடியில் கொழுவிக்கொண்டு, பழைய பெரிய சைக்கிளில் திரும்பி வருவார். மீன்காரர் அவருடைய படலைக்கே வந்து மணி அடிக்கிறவர். ஆனாலும் அண்ணைக்குத் துறையில் வாங்கினால்தான் மீன் மீனாக இருக்குமாம்.

நாங்கள் ஒருவரையொருவர் கடந்துபோவதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. எனக்கு இடப்பக்கம் கடல், ஆகவே நான் கடலைப் பார்ப்பேன். அவருக்கு இடப்பக்கம் பற்றை மூடிய காணிகள், ஆகவே அவர் காணிகளைப் பார்ப்பார். இரண்டு பேரும் நல்ல ஆர்வத்தோடு பார்ப்போம். வேறு வழியால் போகலாமே என்று மனைவி கேட்டாள். மற்ற வழிகளில் நாய்கள் அதிகம் என்று சொன்னேன். வெள்ளிக்கிழமைகளில் அண்ணை வீட்டில் மீன் மச்சம் சமைப்பதில்லை, அதனால் அன்றைக்கு அவர் வீதிக்கு வருவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் எனக்கும் முழங்கால் நோகும். நான் வீட்டிலேயே நின்றுவிடுவேன்.

தை மாதம் பிறந்து வாடைக்காற்று நேர் முகத்தில் அடிக்கத் தொடங்கியபோதுதான் பிரச்சினை வந்தது. கிழக்கே போகிறவனுக்கு வெயிலும் முகத்தில், காற்றும் முகத்தில். அந்தச் சைக்கிளிலோ குனிந்துகொண்டு நிமிர்ந்து பார்க்க வேண்டும். காங்கேசன்துறை தாண்டியதும் என் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் ஓடத் தொடங்கும். கையை விட்டுத் துடைத்தால் சைக்கிள் கடலுக்குப் போகப் பார்க்கும். ஆகவே துடைக்காமல் ஓடினேன்.

ஒரு நாள் பின்னேரம் அளவெட்டியிலிருந்து தங்கச்சி போன் எடுத்தாள். எங்கள் இரண்டு வீட்டுச் செய்திகளையும் இரண்டு பக்கமும் சேர்ப்பவள் அவள்தான்.

"சின்னண்ணை, நீங்கள் பெரியண்ணையைக் கண்டா அழுறனீங்களாம்."

"ஆர் சொன்னது?"

"அவர்தான் சொன்னவர். 'உவன் றோட்டிலை என்னைக் கண்டு அழுதுகொண்டு போறான், பாவம்' எண்டு அண்ணியிட்டைச் சொன்னவராம்."

அழுகிறான் என்றதைக்கூடப் பொறுத்திருப்பேன். பாவம் என்றதுதான் எனக்குச் சுட்டது. நாலு வருடமாக ஒரு அங்குலம் இறங்காமல் நின்ற மனுசன் நான். என்னை ஒரு காற்று இறக்கிவிட்டது. வாடையைப் பற்றித் தங்கச்சிக்கு விளக்கினேன். அவள் "ஓம், ஓம்" என்ற விதத்தில் நம்பவில்லை என்பது தெரிந்தது. அண்ணை காணியைப் பார்த்துக்கொண்டு போகிறவர், என் கண்ணை எப்படிக் கண்டார் என்றும் கேட்டேன். அடுப்பில் பால் கிடக்கிறது என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாளே யாழ்ப்பாணம் போய் ஒரு கண்ணாடிக் கடைக்குள் ஏறினேன். கடையில் இருந்தவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். சிரிக்காத முகம். எப்படியான கண்ணாடி வேண்டும் என்று கேட்டார்.

"கண்ணீர் வரக்கூடாது. தப்பித் தவறி வந்தாலும் வெளியிலை தெரியக்கூடாது."

"செத்தவீட்டுக்கோ, ஐயா?"

"இல்லை. சைக்கிளுக்கு."

அவர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, மேசையில் நாலைந்து கண்ணாடிகளைப் பரப்பினார். முதலாவது பெரியது, முகத்தில் பாதியை மூடியது. போட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் றேசிங் சைக்கிளில் யாரும் நிமிர்ந்து நின்று ஓடுவதில்லை. மேசை விளிம்பைக் கைபிடி போலப் பிடித்துக் குனிந்து, தலையை மட்டும் தூக்கிப் பார்த்தபோது, கண்ணாடியின் மேற்சட்டம் வீதியைச் சரியாக நடுவில் மறித்தது. மேலே சட்டம் இல்லாதது வேண்டும் என்றேன். அடுத்ததைப் போட்டு மறுபடியும் குனிந்தேன். அது மூக்கால் வழுகி மேசையில் விழுந்தது. வியர்த்தால் இன்னும் வழுகும். மூக்கில் பிடிப்பதற்கு றப்பர் வைத்தது வேண்டும் என்றேன். மூன்றாவதில் றப்பர் இருந்தது, ஆனால் கன்னத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு விரல் போகும் இடைவெளி.

"அம்மா, அந்த ஃபானை ஒருக்கா இஞ்சாலை திருப்புங்கோ. முழுசா முடுக்கிவிடுங்கோ."

திருப்பினார். மின்விசிறிக்கு நேரே மேசையில் குனிந்து, கண்ணை விரித்துக்கொண்டு நின்றேன். பின்னால் மூக்குக்கண்ணாடி திருத்த வந்த ஒருவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். மூன்றாவது தோற்றது. நாலாவது முகத்தோடு வளைந்து ஒட்டிக்கொண்டது, காற்று உள்ளே வரவில்லை. அதில் மண்ணிறமும் இருந்தது, கறுப்பும் இருந்தது. மண்ணிறத்தில் எனக்கு வீதி நன்றாகத் தெரிந்தது, கடைக்காரப் பெண்ணுக்கு என் கண்ணும் நன்றாகத் தெரிந்தது. கடும் கறுப்பில் அவருக்கு என் கண் தெரியவில்லை, எனக்குக் கடையே தெரியவில்லை. விடியற்புறம் மர நிழலில் குழி கிடங்கில் விழுந்து, அதற்கு வேறு ஒரு அழுகை அழ வேண்டி வரும். யோசித்துவிட்டு அவர் உள்ளேயிருந்து ஒன்றை எடுத்துவந்தார். வெளிப்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், உள்ளேயிருந்து பார்த்தால் இலேசான மண்ணிறம். மழைத் தண்ணீரில் டீசல் ஊற்றிய நிறம். அறுபதைத் தாண்டிய ஒருவர் போடக்கூடிய சாமானல்ல.

"கண் தெரியுதோ?" என்று கேட்டேன்.

"என்ரை முகம்தான் தெரியுது" என்றார். அதையே வாங்கினேன்.

அடுத்த நாள் வாடை நல்ல பலம். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. காங்கேசன்துறை தாண்டியதும் தூரத்தில் அண்ணை வருவது தெரிந்தது. வழக்கம்போலக் கடலைப் பார்க்கத் தலையைத் திருப்பப் போனேன். அப்போதுதான், திருப்பத் தேவையில்லை என்பது உறைத்தது. நான் எங்கே பார்க்கிறேன் என்று இனி யாருக்கும் தெரியாது. முகத்தை நேரே வைத்துக்கொண்டு, நாலு வருடத்துக்குப் பிறகு அண்ணையை ஆசை தீரப் பார்த்தேன்.

மெலிந்திருந்தார். சட்டைக் கழுத்து கழுத்தை விட்டு விலகி நின்றது. பைக்குள் இருந்த மீன் ஒரு நேரக் கறிக்கும் காணாது. அவர் காணியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். நான் கடலைப் பார்த்துக்கொண்டு போன நாட்களிலெல்லாம் அவர் இப்படித்தான் பார்த்திருக்கிறார். அன்றைக்கு நான் பருத்தித்துறை வரைக்கும் ஓடினேன், கால் நோகவில்லை.

கண்ணாடியால் ஒரு பிரச்சினை தீர்ந்தது, இன்னொன்று தொடங்கியது. எங்கள் ஊரில் என் வயதுக்காரன் கறுப்புக் கண்ணாடி போட்டால் அதற்கு ஒரு காரணம்தான். பலசரக்குக் கடையில் "கண் ஒப்பரேசன் சுகமா முடிஞ்சுதோ?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். எங்கள் ஆட்கள் நோய் வருத்தத்தை மறைக்கிறவர்கள், ஆகவே இல்லை என்றால் ஓம் என்றே எடுப்பார்கள். கோயிலில் ஒருவர், பார்வை எப்படி என்று என் முகத்துக்கு முன்னால் இரண்டு விரலைக் காட்டினார். மனைவியிடம் கேட்டவர்களுக்கு அவள், "அவருக்குக் கண்ணிலை ஒண்டுமில்லை, மண்டையிலைதான்" என்று சொன்னாள். அதனால் செய்தி இன்னும் பெருத்துப் போனது.

ஒரு வியாழக்கிழமை மாலை. விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். படலையில் சைக்கிள் மணி கேட்டது. எட்டிப் பார்த்த மனைவி மெதுவாகச் சொன்னாள்:

"உங்கடை அண்ணை. கையிலை பை."

எங்கள் ஆட்களிடையே கதை பேச்சு இல்லாவிட்டாலும் இரண்டுக்கு வரலாம். ஒன்று செத்தவீடு. மற்றது வருத்தம் பார்ப்பது. வருத்தம் பார்க்க வருகிறவர் இறங்கி வந்ததாகக் கணக்கில்லை, அது கடமை. ஆனால் வீட்டில் வருத்தக்காரன் இல்லையென்றால் அவர் வந்தது சும்மா வந்ததாகிவிடும். சும்மா வந்தால் அவர் தோற்றதாகிவிடும். என் அண்ணையை எனக்குத் தெரியும், படலையோடு திரும்பிவிடுவார். அந்த நேரத்தில் எனக்கு அவர் தோற்பதும் வேண்டாம், திரும்புவதும் வேண்டாம் என்று இருந்தது. மேசையில் கிடந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"இதென்ன கூத்து?" என்றாள் மனைவி.

"வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணியை வை."

அண்ணை வந்து இருந்தார். பையில் ஒரு பால்மா ரின்னும், அவருடைய வீட்டுப் பந்தலில் காய்த்த கொடிமுந்திரிகைப் பழம் ஒரு குலையும் இருந்தன. என் முகத்தை உற்றுப் பார்த்தார். கண்ணாடியில் அவருடைய முகம் தெரிந்திருக்க வேண்டும், கலைந்திருந்த தலைமயிரைக் கையால் படிய விட்டார்.

"எந்தக் கண்?"

"இடது" என்றேன் நான். "வலது" என்றாள் மனைவி, அதே நேரத்தில்.

அண்ணை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டையும் ஒண்டாச் செய்தது நல்லது" என்றார். "அலைச்சல் இல்லை."

குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, முகத்தில் தண்ணீர் படக்கூடாது என்று சொன்னார். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். பிறகு தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளை சுகமோ?" என்று கேட்டார். என் மகளைப் பற்றி. நாலு வருடத்தில் முதல்தரம்.

"சுகமா இருக்கிறாள். பொம்பிளைப் பிள்ளை ஒண்டு, இப்ப ஒரு வயசு."

"படம் இருக்கோ?"

போனை எடுத்தேன். கருக்கலில் அந்தக் கண்ணாடியோடு எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மனைவி வாங்கிப் படத்தை எடுத்துக் கொடுத்தாள். அண்ணை போனைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். "நெத்தி எங்கடை அம்மாவின்ரை" என்றார். போனைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டிருந்தார்.

காற்று உள்ளே வராத கண்ணாடியிலிருந்து தண்ணீரும் இலேசில் வெளியே போகாது. இதைக் கடையில் நான் சோதித்துப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் நிறைந்து போய், நான் தலையை அசைக்காமல் நேரே வைத்துக்கொண்டு இருந்தேன்.

போகும்போது படலை வரைக்கும் கூடப் போனேன். அண்ணை சைக்கிளைத் திருப்பி ஒரு காலைப் பெடலில் வைத்தார்.

"நாளைக்கு வாடை பலமா அடிக்குமாம். உதைக் கழட்டாமல் ஓடு."

கண் ஒப்பரேசன் செய்தவனுக்குச் சொல்லுகிற புத்திமதி அதல்ல. அன்று காலையிலும் அவர் என்னை அதே வீதியில் பார்த்தவர்தானே. என் வாயில் வந்தது இதுதான்:

"நாளைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ, அண்ணை."

"தெரியும்" என்றார். "வெள்ளிக்கிழமையிலை றோட்டைப் பூட்டுறவங்களோ?"