மாயாண்டிக் கங்காணியின் ஆத்தா

வெள்ளத்தில் பிழைத்தவர்களைக் கண்டால் நம் ஆட்கள் உடனே, "மாரியாத்தா காப்பாத்திட்டா" என்று கும்பிடுவார்கள். கருப்பம்மாளிடம் அப்படிச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. "என்னைக் காப்பாத்துனவ என் புருஷனை ஏன் விட்டா?" என்று சண்டைக்கு வருவாள். அவளைக் காப்பாற்றியது வன்மம். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. என் அம்மா அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. நான் கேட்டதெல்லாம் அம்மா சொல்லித்தான்.

மலாயாவில், சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், ஆற்றை ஒட்டி எங்கள் ரப்பர் தோட்டம் இருந்தது. கருப்பம்மாளும் அவள் கணவன் பிச்சைமுத்துவும் அங்கே பால்வெட்டு வேலை செய்தார்கள். பிள்ளை இல்லை, கூடக் கப்பலேறி வந்த சொந்தமும் இல்லை. அவர்களை ஊரிலிருந்து கூட்டிவந்து வேலை வாங்கியவன் மாயாண்டிக் கங்காணி.

1926 மார்கழியில் ஆறு பெருகி, கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குள் புகுந்தது. சனமெல்லாம் மேட்டிலிருந்த ஸ்டோருக்கு ஓடிவிட்டது. பிச்சைமுத்துவுக்குக் கடும் காய்ச்சல், நடக்க முடியவில்லை. அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கருப்பம்மாள் மார்பளவு தண்ணீரில் நின்றாள். அப்போது கங்காணி தோட்டத்துச் சம்பான் படகில் வந்தான். அதில் அவன் டிரங்குப் பெட்டிகளும் இரண்டு ஆடுகளும் இருந்தன. பிச்சைமுத்து எட்டிச் சம்பானின் விளிம்பைப் பிடித்தான். "விடுறா, கவுந்துரும்!" என்று கங்காணி துடுப்பால் அவன் விரல்களில் அடித்தான். விடும்வரை அடித்தான். பிச்சைமுத்து அவள் கண்ணெதிரே முழுகிப் போனான். ஆடுகள் பிழைத்துக்கொண்டன.

அவளையும் வெள்ளம் இழுத்துப் போய் ஒரு ரப்பர் மரத்தின் கவட்டையில் தள்ளியது. சேலையால் தன்னை மரத்தோடு கட்டிக்கொண்டாள். பசியும் குளிருமாக அங்கேயே கிடந்தாள். பின்னால் அம்மாவிடம் சொன்னாளாம்: "கையெல்லாம் மரத்துப் போச்சுக்கா. விட்டுறலாம்னுதான் இருந்துச்சு. நான் செத்துட்டா அந்தப் பய நல்லா இருந்துருவானேன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் கை விடல."

தண்ணீர் வடியத் தொடங்கியதும் ஆற்றோரத்து மலாய்க்காரர்கள் அவளை இறக்கித் கம்பம் என்கிற தங்கள் கிராமத்துக்குக் கொண்டுபோய்க் கஞ்சி ஊற்றினார்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்து நடக்க அவளுக்கு மாதத்துக்கு மேலாகிவிட்டது.

இதற்குள் இங்கே கங்காணி ஒரு நாடகம் போட்டான். இருவரையும் இழுத்துப் பார்த்தேன், ஆறு கொண்டுபோய்விட்டது என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் கண்ணீர் விட்டான். பிறகு ஆற்றங்கரையில் தடபுடலாகக் கருமாதி. "புள்ளை இல்லாதவங்களுக்கு நான்தான்யா புள்ளை" என்று சொல்லி, தானே மொட்டையடித்து, இருவருக்கும் பிண்டம் வைத்து, தோட்டத்துக்கே சோறு போட்டான். சனம் உருகிப் போனது. எங்கள் சனத்துக்குச் சோறு போட்டால் போதும்.

ஒரு விடியற்காலை, பெரட்டுக் களத்தில் ஆட்கள் வேலைக்கு வரிசை நின்றபோது, மலாய்ச் சட்டையும் கைலியுமாகக் கருப்பம்மாள் நடந்து வந்தாள். பாதிப்பேர் பேய் என்று அலறினார்கள். அவள் நேரே துரை முன்னால் போய் நடந்ததைச் சொன்னாள். "காய்ச்சல்ல பொலம்புது தொரை" என்றான் கங்காணி. பார்த்த சாட்சி யாருமில்லை. துரை கையை உதறிவிட்டுப் போய்விட்டார்.

அவள் அழவில்லை. கங்காணியின் தலையையே பார்த்தாள். முடி அப்போதுதான் முளைத்திருந்தது.

"எனக்கா மொட்டை போட்ட?"

"ஆமா. உனக்கும் உன் புருஷனுக்கும் முறையாச் செஞ்சேன். ஊரே சாட்சி" என்றான் அவன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அங்கேதான் மாட்டினான்.

"அப்ப நீதான் என் மவன். ஆத்தா திரும்பி வந்துட்டேன். நட, வீட்டுக்குப் போலாம்."

அவளுக்கு முப்பது வயதுகூட இல்லை, மகனுக்கு ஐம்பது. களமே சிரித்தது. ஆனால் பிண்டம் வைத்தவன் மகனில்லை என்று ஒரு கிழவனாலும் வாயைத் திறக்க முடியவில்லை. அன்றே அவள் கங்காணி வீட்டு வாசலில் பாயை விரித்துவிட்டாள். கருமாதி முடிந்து திரும்பி வந்தவளைத் துரத்தினால் குடும்பம் விளங்காது என்று கங்காணியின் மனைவி நடுங்கினாள். வேளாவேளைக்குச் சோறு போட்டாள். வேலைக்குப் போய்வந்த நேரம் போக, கருப்பம்மாள் அந்த வாசலில்தான் இருந்தாள். யார் வந்தாலும் சிரித்த முகமாகச் சொல்வாள்: "வாங்க. இவன் என் மவன். அப்பனைத் துடுப்பால அடிச்சுக் கொன்னவன்."

பாகான் செராயிலிருந்து அவன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். அடுத்து வந்தவர்களும் அப்படியே. இரண்டு வருடத்தில் கங்காணி பாதியாக இளைத்தான். கடைசியில் அவள் காலில் விழுந்தான்.

"என்ன வேணும் உனக்கு?"

"பெரட்டுல நின்னு சொல்லு."

சொன்னான். துடுப்பு, விரல்கள், ஆடுகள், ஒன்றுவிடாமல் எல்லார் முன்னாலும் சொல்லி அழுதான். அவன் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். துரை கங்காணி வேலையைப் பிடுங்கிப் பள்ளத்து லயத்துக்கு அனுப்பினார். என் அம்மாவுக்குக்கூட அன்று மனசு இளகியதாம். எனக்கு இன்றுவரை இளகவில்லை.

சாயங்காலம் அவன் பெட்டியோடு லயத்துக்கு வந்தபோது, வாசலில் பாய் விரித்திருந்தது.

"அதான் சொல்லிட்டேனே ஆத்தா, இன்னும் என்ன?"

"அது ஊருக்குச் சொன்னதுடா" என்றாள் கருப்பம்மாள். "நான் நெசமாச் சாகுறப்ப இன்னொரு மொட்டை போடணும்ல? அதுவரைக்கும் நீ செத்துராத. வா, சோறு ஆறுது."